ஆறரைச் சூடு

என் மாமாவைத் திக்குவாயன் என்று சொன்ன ஒருவனின் காதை நான் கடித்திருக்கிறேன். அப்போது நான்காம் வகுப்பு. ரத்தம் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அம்மா வந்து எல்லோர் முன்னாலும் என் முதுகில் நாலு வைத்தாள். கடித்ததற்காக நான் வருத்தப்படவில்லை. இன்றைக்கும் வருத்தம் கிடையாது. அவன் பொய் சொன்னான், கடித்தேன்.

பொய்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். மாமா என்னோடு தினமும் பேசுகிறவர். வேலை முடிந்து வந்து கை கழுவும்போது ஆரம்பித்தால் நான் தூங்கும்வரை பேசுவார். ஒரு சொல்லில்கூடத் திக்கி நான் கேட்டதில்லை. வெளியாட்கள் வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வார். அம்மாதான் அவருக்கும் சேர்த்துப் பேசுவாள். அது அவருடைய திமிர் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் திமிர் உண்டு என்பதால் அது எனக்குப் பிடித்திருந்தது.

மாமா அம்மாவின் தம்பி. என் அப்பா பட்டாளத்தில் இருந்தார், வருஷத்துக்கு ஒரு முறை வருவார். அதனால் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் இருந்த ஒரே ஆம்பளை மாமாதான். நூல் மில்களுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். இரும்பை அவரிடம் கொடுத்தால் ஒரு முடி அளவுகூடப் பிசகாமல் கடைந்து தருவார் என்று பெயர். ஆனால் மூக்கில் சதை வளர்ந்திருந்தது. வாசனை, நாற்றம் எதுவும் தெரியாது. சாம்பார் ஊசிப்போனாலும் சாப்பிட்டுவிடுவார். அம்மா தட்டைப் பிடுங்குவாள்.

அவர் வெளியூர் போனால் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். பஸ்ஸில் கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கும் பொறுப்பு எனக்கு. "வில்லிபுத்தூர் ஒண்ணரை" என்று நான் கத்துவேன். டீக்கடையில் "ஒரு டீ, ஒரு போண்டா, டீயில சக்கரை கம்மி" என்று சொல்வதும் நான்தான். என்னைப் பெரிய மனுஷி என்று நினைத்து மாமா இந்த மரியாதையெல்லாம் கொடுக்கிறார் என்று எனக்குப் பெருமை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நாங்கள் போக ஆரம்பித்தது ஒரு மைக் செட்டால். மடவார் வளாகத்தில் ஒருவர் மைக் செட் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை விழா எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டி இசைத்தட்டு போடுகிறவர். டேப் ரிக்கார்டர் வந்துவிட்ட காலம்தான். ஆனால் அவர் தட்டை விடவில்லை. தட்டு சுழலும் மெஷினில் அச்சு தேய்ந்துபோனதால் புதிதாக ஒன்று கடைந்து தரச் சொல்லிப் பட்டறைக்கு வந்தார். மாமா கடைந்தார். அதைப் பொருத்திக் கொடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

அங்கே மைக் செட்காரரின் மகள் இருந்தாள். மடியில் ஒரு ஆம்ப்ளிஃபயரைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தாள். கடையில் ரிப்பேர் வேலை முழுவதும் அவள்தான். அவளுக்கு என்னைப் பிடித்துவிட்டது. பழைய தட்டு ஒன்றையும் பூதக்கண்ணாடியையும் எடுத்து நீட்டினாள்.

"இங்க பாரு பாப்பா. கோடு நேரா இருக்கா, வளைஞ்சு வளைஞ்சு இருக்கா?"

"வளைஞ்சு இருக்கு."

"அந்த வளைவுதான் பாட்டு."

எனக்குப் பிறகு மாமா பூதக்கண்ணாடியை வாங்கினார். வாங்கினவர் திருப்பித் தரவில்லை. வெகுநேரம் பார்த்தார். கோடு வெட்டுவது அவர் தொழில் அல்லவா. பாட்டையும் வெட்டலாம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த மூன்று மாதம் எங்கள் வீட்டுப் பின்னறைக்குள் அம்மா நுழைய முடியவில்லை. பட்டறையில் கழித்துப்போட்ட சின்ன லேத் ஒன்றின் நீள ஸ்குரூவைக் கேட்டு வாங்கி வந்தார். அது சுழன்றால் அதன் மேல் இருக்கிற கருவி மெல்ல மெல்ல நகரும். கருவிக்குப் பதிலாக ஒரு ஸ்பீக்கரின் கம்பிச்சுருளையும், அதன் நுனியில் ஒரு ஊசியையும் பொருத்தினார். கீழே தட்டு சுழலும். மைக்கில் பேசினால் ஊசி அதிரும், அதிர்ந்துகொண்டே தட்டில் கோடு போடும். வெட்டினதைப் போட்டுக் கேட்க ஊசிக் கை ஒன்றையும் பக்கத்தில் பொருத்தினார். தட்டுக்காக, பெயர்ப்பலகை செய்கிறவர்களிடம் மிஞ்சின பிளாஸ்டிக்கை வட்டமாக வெட்டி வைத்துக்கொண்டார்.

முதல் தட்டில் அம்மா தேங்காய் துருவுகிற சத்தத்தை வெட்டினார். போட்டுப் பார்த்தால் அடைமழை பெய்கிற மாதிரி ஒரே இரைச்சல். தேங்காயும் இல்லை, அம்மாவும் இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு மடவார் வளாகத்துக்குப் போனோம். அந்த அக்கா காதை ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"ஊசி பச்சையா இருக்கு," என்றாள் மாமாவிடம். "சூடு பண்ணணும். ரேடியோ புஸ்தகத்துல போட்டிருக்கு. ஊசியச் சுத்தி ஹீட்டர் கம்பிய மயிரு கனத்துல சுத்தி, கரண்டு குடுக்கணும். இரைச்சல் இல்லாம வெட்டிக் கொண்டாங்க பாப்போம்."

மாமா தலையாட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம் மட்டும் ஊசி, கம்பி, கரண்டு என்று பேசிக்கொண்டே வந்தார். கூடவே அந்த அக்காவைப் பற்றியும் பேசினார். எனக்குத் தூக்கம் வந்தது.

இந்தச் சூடு எதற்கு என்று அவர் எனக்குச் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. துணி துவைக்கிற பார் சோப்பை மொண்ணைக் கத்தியால் வெட்டினால் ஓரம் உதிரும், சொரசொரவென்று இருக்கும். கடைக்காரர் கம்பியால் அறுத்தால் கண்ணாடி மாதிரி வரும். ஊசியும் அப்படித்தான். குளிர்ந்த ஊசி பிளாஸ்டிக்கைப் பிய்க்கும். பிய்த்த சொரசொரப்புதான் இரைச்சல். சூடான ஊசி வழுக்கிக்கொண்டு போகும், கோட்டின் சுவர் பளபளவென்று இருக்கும். ஆனால் சூடு ஒரு பொட்டு கூடினால் பிளாஸ்டிக் உருகி ஊசியைச் சுற்றிக்கொள்ளும். கோடு தூர்ந்துபோகும். தட்டு பாழ்.

லாரி பேட்டரி ஒன்றை வைத்து, ஒரு திருகின் மூலமாகக் கம்பிக்குக் கரண்டு கொடுத்தார். திருகைச் சுற்றி ஒன்று முதல் பத்துவரை மையால் கோடு போட்டிருந்தார். எந்த எண்ணில் நிறுத்துவது என்பதுதான் பிரச்சினை. நாலைந்து தட்டுகள் பாழாயின. கடைசித் தட்டு பாழாவதற்கு முன்னால், அம்மாவின் ஏச்சுக்குப் பயந்து அந்த அறையில் ஒளிந்திருந்த நான் சொன்னேன்.

"மாமா, அழுகுன பழ நாத்தம் வருது."

சொல்லி மூச்சு விடுவதற்குள் ஊசி அடைத்துக்கொண்டது. மாமா மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். தட்டைப் பார்க்கவில்லை, என் மூக்கைப் பார்த்தார். இன்னொரு தட்டைப் போட்டு மறுபடி வெட்டினார். மறுபடி நாற்றம் வந்தது, சொன்னேன், அடைத்தது. உருகுவதற்குச் சற்று முன்னால் பிளாஸ்டிக் வாடை விடுகிறது. அது தெரியக்கூடிய மூக்கு அவரிடம் இல்லை, என்னிடம் இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு மூக்கி என்று பெயர். வெட்டும்போது ஊசிக்குப் பக்கத்தில் குத்தவைத்து மோந்துகொண்டிருப்பது என் வேலை. வெட்டும்போது பிளாஸ்டிக் நூலாகச் சுருண்டு வரும். அதை ஊசியில் சிக்காமல் ஒரு பிரஷ்ஷால் நடுப்பக்கம் தள்ளிவிடுவதும் என் வேலைதான். அந்த நூலைச் சேர்த்து என் பொம்மைக்குச் சவுரி முடி பின்னினேன். நான் இல்லாமல் அந்த மெஷின் இல்லை என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தேன்.

இதற்கிடையில் அம்மா அந்த அக்காவை மாமாவுக்குப் பெண் கேட்டுப் போய்விட்டு வந்தாள். மைக் செட்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் ஒளித்துப் பேசத் தெரியாதவர். எங்கள் வீட்டுக்கே வந்து அம்மாவிடம் சொன்னார்.

"தப்பா எடுத்துக்கிடாத தங்கச்சி. ஒன் தம்பி மூணு தடவ வந்தாரு, மூணு டீ குடிச்சாரு, போய்ட்டாரு. வாயத் தொறக்க மாட்டேங்காரு. எம் மக வாழ்நாள் பூரா சொவத்தோடயா பேசுவா?"

"வேலையில பாருங்க அண்ணாச்சி அவன."

"வேலைக்கு என்ன, தங்கம். நான் கேக்கது ரெண்டு வார்த்த. ஒங்க மகளக் குடுங்கன்னு அவரு வாயால கேக்கணும். சுந்தரபாண்டியத்துல இருந்து வெள்ளிக்கிழம ஒரு எடம் பாக்க வாராவ. பையன் போலீசு. அவன் பேச ஆரம்பிச்சா நாமதான் எந்திரிச்சுப் போகணும்."

"ஒங்க மக என்ன சொல்லுதா?"

"அவளா? ரெக்கார்டு இரைச்சல் இல்லாம வருதான்னு கேக்கா. கிறுக்கு."

அவர் போனதும் மாமா பின்னறையிலிருந்து வந்தார். தட்டில் பேசிக் கொடுத்து அனுப்பப்போவதாகச் சொன்னார். அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"டேப்புல பேசிக் குடேம்ல. அது லேசுதான?"

"டேப்புன்னா அழிச்சு அழிச்சுப் பேசிக்கிட்டே கெடப்பேன், அக்கா. வெட்டுனா வெட்டுனதுதான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சூடு பார்க்க ஒரு சோதனைத் தட்டு வெட்டினோம். ஒன்றில் ஆரம்பித்து, கொஞ்ச நேரத்துக்கு ஒரு எண்ணாக ஏற்றிக்கொண்டே போவது. பிறகு போட்டுக் கேட்டு, இரைச்சல் எங்கே அடங்குகிறது என்று பார்ப்பது. கேட்கும்போது எந்தச் சூடு என்று தெரிய வேண்டுமே, அதனால் மைக்கைத் திறந்துவைத்து மாமா ஒவ்வொரு எண்ணையும் சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில் நான் வழக்கம்போலத் தொணதொணத்தேன், அவரும் வழக்கம்போலப் பதில் சொன்னார். ஏழில் எனக்கு நாற்றம் வந்தது. ஆறரைதான் சரி என்று முடிவானது. அந்தத் தட்டைக் கேட்டுப் பார்த்தோம். ஆறரையில் எங்கள் பேச்சைத் தவிர வேறு சத்தமே இல்லை. தட்டு முடிந்து சுற்றிக்கொண்டே இருந்தது. மாமா ஊசிக் கையைத் தூக்கவில்லை. குனிந்து உட்கார்ந்திருந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. ஏழாம் எண்ணில் தட்டு பாழாகிவிட்டதே என்று அழுகிறார் என்று நினைத்தேன். "வேற தட்டு இருக்குல்லா மாமா" என்று ஆறுதல் சொன்னேன்.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். தட்டில் சட்டை தெரியாது என்று சொன்னேன், கேட்கவில்லை. காகிதத்தில் எழுதி வைத்திருந்தார். நான் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு என் இடத்தில் குத்தவைத்தேன்.

"மூக்கி, இன்னைக்கு நீ வேண்டாம். வெளிய இரு."

"நான் இல்லாம எப்படி மாமா வெட்டுவ?"

"அதான் ஆறரைன்னு தெரிஞ்சுபோச்சுல்லா. நூல நானே தள்ளிக்கிடுவேன். போ."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. வேலை ஆகிறவரை மூக்கி, வேலை முடிந்தால் வெளியே. கதவை உதைத்தேன். ஏசினேன். தெரிந்த கெட்ட வார்த்தை இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னேன். நான் போட்ட சத்தத்தில் உள்ளே மாமா என்ன பேசினார் என்று ஒரு சொல்கூட என் காதில் விழவில்லை. கதவைத் திறந்தபோது அவருடைய வெள்ளைச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்று ராத்திரி அவரோடு பேசவில்லை.

மறுநாள் மாமா வேலைக்குப் போய்விட்டார். தட்டைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். நானும் அம்மாவும் கொண்டுபோக வேண்டும். அம்மா தலை சீவிக்கொண்டிருந்தாள். என் மூக்கு இல்லாமல் என்ன லட்சணத்தில் வெட்டியிருக்கிறார் என்று பார்க்க, தட்டை எடுத்து மெஷினில் போட்டேன். சத்தத்தைக் குறைத்துவைத்துக் காதை ஒட்டினேன்.

"எ... எ... எ... எ... எ..."

தட்டு சிக்கிக்கொண்டது.

சிக்கின தட்டு எனக்குப் புதிதில்லை. மாரியம்மன் கொடையில் குழாய் ஸ்பீக்கரில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும். மைக் செட் ஆள் ஓடிவந்து ஊசிக் கையை ஒரு தட்டுத் தட்டுவான், பாட்டு நகரும். நானும் விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். நகர்ந்தது.

"...பே... பே... பே... பே..."

மறுபடி தட்டினேன். இன்னும் கொஞ்ச தூரம் போய் "ம... ம... ம..." என்று நின்றது. எனக்கு விளங்கிவிட்டது. சூடு கூடிப்போயிருக்கிறது. கோடு உருகித் தூர்ந்திருக்கிறது. ஊசி எங்கே போகும், அங்கேயேதான் சுற்றும். தட்டை எடுத்து மோந்து பார்த்தேன். கருகல் வாடை வந்தது. வந்ததாகவே அன்றைக்குச் சத்தியம் பண்ணியிருப்பேன்.

மாமா பட்டறையில். நாளைக்கு வெள்ளிக்கிழமை, போலீஸ்காரன் வந்துவிடுவான். இந்தத் தட்டைக் கொண்டுபோய்ப் போட்டால் அந்த அக்கா என்ன நினைப்பாள்? இவனுக்கு ஒரு ஊசியை ஒழுங்காகச் சூடு பண்ணத் தெரியவில்லை என்றுதானே? ஊரெல்லாம் திக்குவாயன் என்று பொய் சொல்கிறது, தட்டும் அதே பொய்யைச் சொன்னால் எப்படி? நான் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. பாழான தட்டை அரிசி டிரம்முக்குப் பின்னால் தள்ளினேன். சோதனைத் தட்டை எடுத்துத் துணியில் சுற்றினேன். ஏழுக்கு முன்னால் வரை அது சுத்தமாக ஓடும் என்பது எனக்குத் தெரியும்.

மடவார் வளாகத்தில் அம்மா கடைக்குள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். மைக் செட்காரர் எதிரே கால்மேல் கால் போட்டுக்கொண்டார். அந்த அக்கா தட்டை வெளிச்சத்தில் சாய்த்துக் கோடுகளைப் பார்த்துவிட்டு மெஷினில் வைத்தாள். முதலில் மழை இரைச்சல். பிறகு மாமாவின் குரல்.

"ஒண்ணு. ஏட்டி மூக்கி, பிரஷ்ஷ ஊசிகிட்டக் கொண்டு போவாத. நூல மட்டும் தள்ளு."

அம்மா என் தொடையைப் பிடித்துத் திருகினாள். நான் வாயைத் திறக்கவில்லை. தட்டில் இருந்த நான்தான் பேசினேன்.

"அந்த அக்கா ஒன்ன மாதிரியே மெசினெல்லாம் கழட்டுது மாமா."

"என்னவிட நல்லாக் கழட்டுதா. நான் கழட்டி மாட்டுனா ஒரு திருகு மிச்சம் வரும். அவளுக்கு மிச்சமே வராது. ரெண்டு."

"பொறவு ஏன் நீ அவகிட்ட பேச மாட்டேங்க?"

"பேசுனா எப்படிட்டி பாக்க? நான் பாத்துக்கிட்டு இருந்தேன். சால்டர் வைக்கும்போது நாக்க ஓரத்துல கடிச்சுக்கிடுதா, பாத்தியா நீ? மூணு."

"அதச் சொல்லவா அவகிட்ட?"

"சொன்னேன்னா ஒன் மூக்க லேத்துல மாட்டிருவேன்."

தட்டுக்குள் நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். கடையில் யாரும் சிரிக்கவில்லை. மைக் செட்காரர் காலைக் கீழே இறக்கினார்.

"என்ன தங்கச்சி இது? பொண்ணு கேக்க பேச்சா இது?"

அந்த அக்கா அப்பாவைப் பார்க்காமலே கையை உயர்த்தி, பேசாதீர்கள் என்று காட்டினாள். இரைச்சல் ஒவ்வொரு எண்ணுக்கும் குறைந்துகொண்டே வந்தது. மழை தூறலானது.

"நாலு. அவ கோவக்காரியோ?"

"ஆமா. அவ அப்பாவையே ஏசுதா."

"நல்லதுதான். நம்ம வீட்டுல ஒன்ன அடக்க ஒரு ஆளு வேணும். அஞ்சு."

"கல்யாணம் ஆனா நம்ம வீட்டுல என்ன செய்வா?"

"அவளுக்கு எது இஷ்டமோ அதச் செய்யட்டும். நான் இந்த ஜன்னலுக்குப் பக்கத்துல ஒரு பெஞ்சு போடப் போறேன். அவ எடக்கைக்காரி பாத்துக்கோ. வெளிச்சம் வலது பக்கமா வந்தாத்தான் கை நெழலு வேலையில விழாது. கடையில பெஞ்ச மாத்திப் போட்டிருக்காவ. அவ நெழலுலயே உக்காந்து கண்ணச் சுருக்கிக்கிட்டுக் கெடக்கா. ஆறு."

தூறலும் நின்றுவிட்டது. மாமா அந்தக் கடைக்குள்ளேயே நின்று பேசுகிற மாதிரி இருந்தது.

"ஆறரை. என்னட்டி, வாடை வருதா?"

"இல்ல."

"ஏழு."

"மாமா, வருது. அழுகுன பழம்."

"எம்புட்டு?"

"கொஞ்சூண்டு."

"அப்ப ஆறரைதான். மூக்கி, நீ மட்டும் இல்லன்னா..."

அதோடு ஊசி அடைத்துக் கரகரவென்று முடிந்தது. அந்த அக்கா ஊசிக் கையைத் தூக்கினாள். தூக்கினது இடது கை. அதை ஒரு முறை பார்த்தாள். பிறகு கடை மூலையில் கிடந்த தன் பெஞ்சைப் பார்த்தாள். ஜன்னல் அதற்கு இடது பக்கம் இருந்தது.

"இது யாருகிட்ட பேசுதாவ?" என்று என்னிடம் கேட்டாள்.

"எங்கிட்ட."

"ஒங்கிட்ட எப்பவும் இப்படித்தான் பேசுவாவளா?"

"பின்ன எப்படிப் பேசுவாவ?"

அவள் தட்டை எடுத்து மறுபடி வெளிச்சத்தில் சாய்த்தாள். "ஆறரையில இரைச்சலே இல்ல," என்றாள். பொதுவாகச் சொன்னாள், யாரிடமும் சொல்லவில்லை. பிறகு, "அப்பா, அந்த பெஞ்ச நாளைக்குத் திருப்பிப் போடுங்க," என்றாள்.

"எதுக்கு?"

"ஆமா," என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். "இனி இங்க எதுக்கு. இருந்துட்டுப் போவட்டும். சுந்தரபாண்டியத்துக்கு மட்டும் ஆள் விட்டு வர வேண்டாம்னு சொல்லிருங்க."

மைக் செட்காரருக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. அம்மாவுக்கு உடனே புரிந்தது. என் தொடையிலிருந்து கையை எடுத்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அம்மா வீட்டுக்குப் போகும்வரை பொறுக்கவில்லை. பட்டறை வாசலிலேயே மாமாவைக் கூப்பிட்டு நடந்ததையெல்லாம் சொன்னாள். மாமா கையில் எண்ணெய்த் துணியோடு நின்றார். முகம் வெளிறியது, பிறகு சிவந்தது.

"எதுக்குட்டி மாத்துன?" என்றார் என்னிடம்.

"அது சிக்கிக்கிட்டு மாமா. எ எ எ-ன்னு ஒரே எடத்துல நிக்கி. தட்டித் தட்டிப் பாத்தேன். சூடு கூடிப்போச்சு. என்ன வெளிய தள்ளிட்டு வெட்டுனேல்லா, அப்படித்தான் ஆவும்."

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். பிறகு மாமா என் தலையில் அந்த எண்ணெய்க் கையை வைத்தார்.

"ஆமாட்டி. சூடுதான் கூடிப்போச்சு. இனி ஒன்ன விட்டுட்டு வெட்ட மாட்டேன்."

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டு நாள் அந்தக் கெத்திலேயே திரிந்தேன். ஆவணியில் கல்யாணம் நடந்தது. ஜன்னலுக்குப் பக்கத்தில் பெஞ்ச் வந்தது, வெளிச்சம் வலது பக்கமாக விழுந்தது. அந்த அக்கா அத்தையானாள். என்னை அடக்கவும் செய்தாள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள், அம்மாவும் அத்தையும் ஊரில் இல்லாதபோது, மின்சார ஆபீசுக்கு மாமாவோடு போனேன். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் பெயரைக் கேட்டார். அன்று எனக்குத் தொண்டைக்கட்டு, பேச முடியவில்லை. மாமாதான் சொல்ல வேண்டியிருந்தது. "எ... எ... எ..." என்றார். கழுத்து நரம்பு புடைத்தது. என் விரல் தானாக எழுந்தது, ஊசிக் கையைத் தட்டப் போகிற மாதிரி. அங்கே தட்ட எதுவும் இல்லை. உள்ளே இருந்தவர் சிரித்தார். அவர் காது எனக்கு எட்டவில்லை. அதனால் தப்பித்தார்.

அரிசி டிரம்முக்குப் பின்னால் தள்ளின தட்டை அத்தை கல்யாணமாகி வந்த புதிதிலேயே தேடி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா மெடிக்கல் கடைக்குப் போயிருந்தார், வாங்க வேண்டியதைச் சீட்டில் எழுதிக்கொண்டு. அத்தை தட்டை எடுத்து வந்து மெஷினில் போட்டாள்.

"இத நீ முழுசாக் கேக்கவே இல்லல்லா," என்றாள். "கையத் தட்டாமக் கேளு."

கேட்டேன். முதலில் எனக்குத் தெரிந்தது, இரைச்சல் இல்லை என்பதுதான். மருந்துக்கும் இல்லை. கருகலும் இல்லை, அடைப்பும் இல்லை. மாமா அத்தனை சுத்தமாக வேறு எதையும் வெட்டியதில்லை. அந்தச் சுத்தத்தில் ஒவ்வொரு எழுத்தாக முட்டி மோதிக்கொண்டு போகிறார். தன் பெயர். பட்டறையின் பெயர். உங்கள் மகளை எனக்குக் கொடுங்கள். வேலைக்கு வெளிச்சம் நன்றாக இருக்கும்படி வைத்துக்கொள்வேன். ஒரு சொல்லையும் அவர் விட்டுவிடவில்லை, லேசான சொல்லாக மாற்றிக்கொள்ளவும் இல்லை. நடுவில் தொம் தொம் என்று கதவு உதைபடுகிறது. ஒரு சிறுமி கெட்ட வார்த்தை சொல்கிறாள். அவர் நிறுத்தவில்லை. கடைசிச் சொல்லை முடித்துவிட்டுப் பெரிதாக ஒரு மூச்சு விடுகிறார். அதன் பிறகு, எந்தத் தடங்கலும் இல்லாமல், கதவைப் பார்த்துச் சொல்கிறார்:

"ஏட்டி மூக்கி, ஒதைக்காதட்டி, முடிஞ்சுட்டு. ஒங்கிட்ட கேக்கணும்னா ஒரு நிமிசத்துல கேட்டிருப்பேன்."

நான்காம் வகுப்பில் அந்தத் தட்டை நான் அரை நிமிஷம்கூடக் கேட்கவில்லை.